20 செல்லில் தமிழ்: பிரெயில் டிஸ்ப்ளே பாவித்த அனுபவம்

எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பி விரலுக்குக் காட்டும் பிரெயில் டிஸ்ப்ளே ஒன்று கைக்கு வந்தால் உடனே அதைக் கணினியோடு இணைக்காதீர்கள். என்னிடம் விசாரிக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இணைத்த பிறகு ஏதாவது சரிவராமல் போனால், கோளாறு கருவியிலா, கேபிளிலா, மென்பொருளிலா, நம் விரலிலா என்று பிரித்துப் பார்ப்பது பெரிய பாடு. கொஞ்ச நாள் அதைத் தனியே வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதுவும் தமிழில் வாசியுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பார்வை சின்ன வயதிலேயே போய்விட்டது. பிரெயில் கற்றது ஊரை விட்டுத் தூரத்தில், விடுதியில் தங்கி. ஸ்லேட் என்ற துளைச் சட்டத்தில் தாளைப் பூட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, பிறகு தாளைப் புரட்டி இடமிருந்து வலமாக வாசித்த காலம் அது. கணினியும், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற மென்பொருளும் வந்த பிறகு எல்லாம் காதுக்கு மாறிப்போனது. பல வருடங்கள் நான் தமிழை வாசிக்கவே இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தமிழ் படிப்பிக்கிற ஒருவருக்கு அது போதாது. கணினிக் குரலில் மனமும் மணமும் ஒன்றாகவே கேட்கும். அரமும் அறமும் அப்படித்தான். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் அநேகமாக ளகரமாகத்தான் வரும் என்பதால் பிள்ளைகள் வாசித்துக் காட்டினாலும் எழுத்துத் தெரியாது. எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கலாம்தான். ஒரு கட்டுரை முழுவதையும் அப்படிக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

விரலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பிரெயிலில் ஒரு செல் என்பது புள்ளிகளுக்கான ஒரு கட்டம்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. ல என்றால் 1, 2, 3 ஆகிய புள்ளிகள். ள என்றால் எதிர்ப்பக்கத்து 4, 5, 6. ழவுக்கு 1, 2, 3, 5, 6. ன என்பது 5, 6 என்று இரண்டே புள்ளி, ண 3, 4, 5, 6, ந 1, 3, 4, 5. ஒன்றை மற்றொன்றாக நினைக்க இடமே கிடையாது. கருவி வந்த பிறகு நான் எழுதிய பழைய குறிப்புகளை எடுத்து வாசித்தேன். றகரமும் ரகரமும் எங்கெங்கே இடம் மாறி நின்றன என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை!

கருவியைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வரிசையில் 14, 20, 32, 40 என்று செல்கள் இருக்கும். 80 செல் உள்ளவையும் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் 8 நுண்ணிய ஊசிகள். தமிழுக்கு 6 போதும். 7ஆம், 8ஆம் புள்ளிகள் பெரும்பாலும் கர்சர் எங்கே நிற்கிறது என்று காட்டத்தான். அநேகக் கருவிகளில் ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் ஒரு பீங்கான் பட்டை இருக்கிறது. ஏறத்தாழ 200 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் அது வளைந்து ஊசியை மேலே தள்ளும். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. 40 செல் கருவியில் இப்படி 320 பட்டைகள். விலை ஏன் 2,000 டொலரைத் தாண்டுகிறது என்பதற்கு அதுவே காரணம். ஓர்பிட் ரீடர் 20 என்ற கருவி வேறு பொறிமுறையோடு, அமெரிக்காவில் 500 டொலருக்குக் கீழே விற்பனைக்கு வந்தபோதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை வந்தது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ஆனது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதை வாங்குவது நடக்கிற காரியமில்லை. என்னிடம் இருக்கும் 20 செல் கருவியும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தேடி அனுப்பிய, யாரோ பாவித்த கருவிதான்.

பாவித்த கருவி என்றால் முதலில் சார்ஜ். பல மாதம் சும்மா கிடந்த பேட்டரி பொத்தானை அழுத்தியதும் எழும்பாது. அதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஓர் இரவு முழுக்கச் செருகி வையுங்கள். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பின்னேரமானால் இடி மின்னல் வரும். அந்த நேரத்தில் செருகி வைக்காதீர்கள்.

அடுத்தது கருவியை எந்தப் பக்கம் வைத்துப் பிடிப்பது. ஸ்பேஸ் விசையைத் தேடுங்கள். நீளமாக, நடுவில் இருக்கும். பெரும்பாலான சிறிய கருவிகளில் அதுவும் செல் வரிசையும் நம் வயிற்றுப் பக்கம், தட்டச்சு விசைகள் அதற்கு அப்பால். இடது சுட்டுவிரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலப்பக்கம் அதே ஒழுங்கில் 4, 5, 6. பிரெயிலர் மெஷினில் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்லேட் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும், ஏனென்றால் ஸ்லேட்டில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியே பழகியிருப்பார்கள். ஓரிரு மாலைப் பொழுதில் பழகிவிடும்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஊசிகள் சடசடவென்று எழும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் பலர் விரலை வைத்துத் தேய்க்கிறார்கள். ஊசி ஏறி முடியும்வரை விரலை எடுத்துவையுங்கள். பிறகு மெதுவாக, அழுத்தாமல், இடமிருந்து வலமாக. தாளில் தேய்ந்துபோன புள்ளிகளைத் தேடிப் பழகிய விரல் தேவைக்கு அதிகமாக அழுத்தும். இங்கே புள்ளிகள் எல்லாம் ஒரே உயரம், அழுத்த அழுத்தத்தான் தெரியாமல் போகும்.

முதலில் வரும் செய்தியும் மெனுவும் ஆங்கிலத்தில் இருக்கும். சில கருவிகளில் அது சுருக்கெழுத்துப் பிரெயில், அதாவது கிரேட் 2. தமிழ்ப் பிரெயில் மட்டும் படித்தவருக்கு இந்த இடத்தில்தான் மனம் உடையும். ஏதோ அர்த்தமில்லாத எழுத்துகள் வருகின்றன, மெஷின் கெட்டுவிட்டது என்று என்னிடம் போன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெனுவில் சுருக்கெழுத்தை நிறுத்திவிட்டால் போதும். எனக்கு என் அக்கா மகள் கையேட்டை இணையத்திலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினாள். "மாமா, ஸ்பேஸோட ஒன்னு அழுத்துனா மேல, நாலு அழுத்துனா கீழன்னு போட்டிருக்கு" என்று அவள் சொன்னது பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும்.

சரி, இனித் தமிழ். இலங்கையிலும் இந்தியாவிலும் நாம் பாவிப்பது பாரதி பிரெயில். உயிர்மெய்க்குத் தனி எழுத்து இல்லை. மெய்யை எழுதி உயிரைப் பக்கத்தில் எழுதினால் ஆயிற்று. அச்சில் கொ என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால். பிரெயிலில் ககரத்துக்குப் பின்னால் ஒகரம், அவ்வளவுதான். ஆனால் மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கு ஒரு செல் வேண்டும், அது 4ஆம் புள்ளி, எழுத்துக்கு முன்னால் வரும். இதனால் தமிழ்ச் சொற்கள் நீளும். வணக்கம் 7 செல். நுவரெலியா 9. எங்கள் ஊரில் அடிக்கடி வரும் சொல் பெருந்தோட்டத்துறை. அது 17 செல்! 20 செல் வரிசையில் அந்த ஒரு சொல்லை வாசித்ததும் அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் இதே கருவியைப் பாவிப்பவர்கள் 20 செல் தாராளம் என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள். கையில் காசு இருந்தால் தமிழுக்கு 32 அல்லது 40 நல்லது. என்னைப் போலக் கிடைத்ததைப் பாவிப்பவர்கள் நகர்த்தும் பொத்தானுக்குக் கட்டைவிரலைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தனியே வாசிப்பதற்குக் கோப்பு வேண்டுமே. பல கருவிகளில் மெமரி கார்ட் போட இடம் உண்டு. கார்ட் 32 ஜிபிக்கு மேற்படாமல், ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்ததாக இருந்தால் தகராறு குறைவு. கோப்புப் பெயரைச் சின்னதாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் கோப்புப் பட்டியலில் அதை அடையாளம் காண முடியாமல் போகலாம். தமிழ் உரையை அப்படியே கார்டில் போட்டாலும் கருவிக்குள் எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் தமிழ் அட்டவணை இல்லையென்றால் வாசிக்க முடியாது. அதனால் கணினியிலேயே பிரெயிலாக மாற்றி, பிஆர்எஃப் என்ற கோப்பு வகையில் சேமித்துத்தான் நான் கொண்டுபோகிறேன். வியட்நாமில் பார்வையற்றோருக்கான ஒரு நிலையம் உருவாக்கிய சாவ் மாய் பிரெயில் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். மாற்றும்போது ஒரு வரிக்கு எத்தனை செல் என்று கேட்கும் இடத்தில் நம் கருவியின் அளவைக் கொடுக்க வேண்டும். 40 என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு வரியும் கருவியில் இரண்டாக உடைந்து, பாதி வரி வெறுமையாக வரும். எழுத்துகள் எல்லாம் சரி, வாசிப்பு மட்டும் தடக்குத் தடக்கென்று நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இப்படித் தனியே வாசித்து விரல் பழகிய பிறகு கணினிக்கு வாருங்கள். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு பேர் தொடங்கிய என்விடிஏ இலவசம், பெரும்பாலான கருவிகளை அதுவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்காவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். போனோடு வரும் மலிவான கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு போகாது. புளூடூத் என்றால் கருவி ஏற்கனவே போனோடு சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். போனில் புளூடூத்தை அணைத்ததும் கணினியில் தானாக வந்து சேர்ந்த கதைகள் நிறைய. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) கன்ட்ரோலும் ஏயும் அழுத்தினால் எந்தக் கருவி என்று தெரிவு செய்யும் பெட்டி வரும்.

கருவி சேர்ந்ததும் பலருக்கு வரும் அடுத்த அதிர்ச்சி, ஒரு தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஏதோ எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த குறியீடு ஓடுவது. வெளியீட்டு அட்டவணை ஆங்கிலத்தில் நிற்கிறது என்று அர்த்தம். பிரெயில் அமைப்புகளில் வெளியீடு, உள்ளீடு இரண்டையும் தமிழுக்கு மாற்றுங்கள். வெளியீட்டை மட்டும் மாற்றினால் வாசிக்க முடியும், எழுத முடியாது. நான் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று இரண்டு புரொஃபைல், அதாவது அமைப்புத் தொகுப்புகள், வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில் சொற்களை உடைக்காமல் காட்டும் தெரிவு இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் 4ஆம் புள்ளி வரியின் கடைசியிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் நிற்கும். கர்சர் நிற்கும் சொல்லை, ஒரு குறிக்கு ஒரு செல் என்ற கணினிப் பிரெயிலில் விரித்துக் காட்டும் தெரிவை நான் எடுத்துவிட்டேன். ஒரு வரியில் ஒரு சொல் மட்டும் வேறு முறைக்கு மாறி நிற்பது தமிழ் வாசிப்புக்கு இடைஞ்சல். திடீரென்று வந்து வரியை மறைக்கும் செய்திகள் வழக்கமாக 4 செக்கன் நிற்கும், அதையும் குறைக்கலாம். எழுதும்போது 7ஆம் புள்ளி கடைசி எழுத்தை அழிக்கும், 8ஆம் புள்ளி என்டர்.

கருவி கைக்கு வராதவர்களும் ஒன்று செய்யலாம். என்விடிஏயின் கருவிகள் பட்டியலில் பிரெயில் காட்டி என்று ஒன்று இருக்கிறது. திரையில் பிரெயில் வரியும் அதன் கீழே சாதாரண எழுத்தும் தெரியும். பார்வையுள்ள ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் விரலுக்குக் கீழே என்ன வருகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில கோப்புகள் குப்பையாகவே வரும். நம் நாட்டில் அதிகம் வரும் பிரச்சினை இது: பாமினி. கல்வி சம்பந்தமான சுற்றுநிருபங்கள், வினாத்தாள்கள், கூட்ட அறிவித்தல்கள் பல இன்னமும் பாமினி எழுத்துருவில் அடித்து வருகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பேசும் மென்பொருளும் உளறும், பிரெயிலும் உளறும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு, ஒட்டி மாற்றி எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நாமே மாற்றிக்கொண்டிருப்பதைவிட, அனுப்புகிறவரிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் முறை. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சிலர் மாறியிருக்கிறார்கள். சிலர் "சேர், ஒங்களுக்கு நான் வாசிச்சுச் சொல்றேனே" என்கிறார்கள், நல்ல மனதோடுதான். எனக்கு வாசித்துச் சொல்ல ஆள் தேவையில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரிய மாட்டேன் என்கிறது.

வகுப்பில் இதன் பெறுமதி வேறு. என்விடிஏ விசையோடு எஸ் அழுத்திப் பேச்சை நிறுத்திவிட்டு, இடது கையைக் கருவியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன். முன்பு ஒரு காதில் இயர்போன், மறு காதில் பிள்ளைகள். பேசிக்கொண்டே இன்னொரு குரலைக் கேட்பது எவ்வளவு களைப்பு என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். செய்யுளை அடி பிரித்துச் சொல்லும்போது சீர் எங்கே முடிகிறது என்று விரலே காட்டுகிறது. இடாப்பையும் கோப்பாக வைத்திருக்கிறேன், ஒரு வரிக்கு ஒரு பெயர். நான் பெயர் வாசிக்க, வகுப்புத் தலைவி அச்சு இடாப்பில் அடையாளம் போடுகிறாள். மடிக்கணினி கூடத் தேவையில்லை, கார்டில் இருந்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்தால், பேட்டரியில் ஓடும் இந்தச் சின்னப் பெட்டி அப்போது கையில் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

இனி எங்கள் குளிரைப் பற்றி. கையேடுகளில் இது இருக்காது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் நாள்கணக்கில் விடாது. சுவரே நனைந்து கிடக்கும். கருவியை வெறுமனே மேசையில் விடாமல், மூடிய பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். குளிரில் பஸ்ஸில் கொண்டுவந்து சூடான அறைக்குள் நுழைந்தவுடன் எடுத்தால் உள்ளே ஈரம் படியும். பையோடு கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள். விரலும் அப்படித்தான். ஜனவரிக் காலையில் விறைத்த விரலுக்கு எந்தப் புள்ளியும் தெரியாது. ஒரு கோப்பை பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு உட்காருவேன், கோப்பை மேசைக்கு வராது. எண்ணெயும் சீனியும் பட்ட விரல்தான் ஊசிகளுக்கு முதல் எதிரி. ஊசி இறங்கியபின் ஏறாமல் ஒட்டிக்கொள்ளும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். சுத்தம் செய்வதென்றால் கருவியை அணைத்துவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மட்டும். நேரே செல்லின் மேல் எதையும் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது.

இது எல்லோருக்கும் ஏற்ற கருவி என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா ஒரு நாள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, எனக்கு ஒன்னுமே தட்டுப்படல" என்றார். கொழுந்து பறித்தே காய்ப்பேறிய விரல்கள். எங்கள் லயத்தில் ஒரு பெரியப்பா, கவ்வாத்து வெட்டிய கை, சீனி வருத்தத்தில் பார்வை போனவர். பிரெயில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சீனி வருத்தம் கண்ணோடு விரல் நுனியின் உணர்ச்சியையும் குறைக்கக்கூடியது. சுட்டுவிரலில் தெரியாத புள்ளி இடது மோதிர விரலில் கொஞ்சம் தெரிந்தது, எண்களை வாசிக்கும் அளவுக்கு வந்தார். அதற்கு மேல் போகவில்லை, போன் திரையை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கோடு அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மட்டும் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டுமென்றால் எழுத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

பாவித்த கருவி ஒன்றை யாராவது தருவதாகவோ விற்பதாகவோ சொன்னால், வாங்குவதற்கு முன் குறிப்பு எழுதும் பகுதியைத் திறந்து எல்லாப் புள்ளி விசைகளையும் ஒன்றாக அழுத்தி வரி முழுவதையும் நிரப்புங்கள். ஒவ்வொரு செல்லையும் தடவி எழாத புள்ளியைத் தேடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெற்று வரியில் இறங்காமல் நிற்கும் புள்ளி உண்டா என்று பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். பேட்டரி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். கடைசிப் பக்கத்துச் செல்களில் ஒன்றிரண்டு புள்ளி எழாவிட்டால் விலையைக் குறைத்து வாங்கலாம், பழகிவிடும். முதல் நாலைந்து செல்லில் பழுது என்றால் வேண்டாம், எல்லா வரியும் அங்கேதான் தொடங்கும்.